‘வளிமமாக்கல்’ போதாது, ‘தணல்வாயு’ என்று வைப்போமா?

வணக்கம் அண்ணா,

‘gasification’ என்பதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘வளிமமாக்கல்’ இலக்கணப்படி சரிதான். ஆனால் டப்பாவில் வைத்த கற்பூரம் காற்றில் கரைவதுகூட அதில் அடங்கிவிடும். காற்றைக் குறைத்துக் கொடுத்து விறகையும் சக்கையையும் எரியக்கூடிய வாயுவாக மாற்றுகிற வேலைக்கு அல்லவா பெயர் தேடுகிறோம்?

போன வாரம் நான் எழுதிய ‘எரிவாயுவாக்கம்’ வேண்டாம். சேலத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் அதைக் கேட்டால் கழிவுநீரை நொதிக்க வைத்துப் பிடிக்கிற வாயுவைத்தான் நினைப்பார்கள். அங்கே வேலை செய்வது நுண்ணுயிர், இங்கே 800 டிகிரி சூடு. ‘கரிவாயு’வும் யோசித்தேன், போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு பஸ் ஓட்டியது இந்த முறையில்தானே. ஆனால் கரியமில வாயு என்று பள்ளியில் படித்தவர்களுக்குக் குழப்பம் வரும்.

அதனால் தணல்வாயு. முழுதாக எரியத் தேவையான காற்றில் 25–30 சதவீதம்தான் கலனுக்குள் போகிறது, கொஞ்சம் எரிந்து கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகி, அவை சிவந்து கிடக்கும் கரிக்குள் புகுந்து வரும்போதுதான் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக மாறுகின்றன. அந்த மாற்றத்தைச் செய்வது தணல். நம் வீட்டு அடுப்பில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு வேறு எங்கே போய்த் தேடுவது? வாயு தணல்வாயு, கருவி தணல்வாயுக் கலன், செயல் தணல்வாயுவாக்கம்.

அப்புறம் நம் கட்டுரையின் இயந்திரக் கற்றல் (machine learning) பகுதி. ஏற்காட்டில் கவாத்து செய்த சில்வர் ஓக் கிளைக்கு மழை மாதத்தில் ஒரு ஈரம், பங்குனியில் வேறு ஈரம். காப்பித் தொலி, குச்சிக்கிழங்குத் தண்டு என்று ஒவ்வொன்றுக்கும் சாம்பல் அளவும் வேறு. ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் தணல் சூடு குறைந்து, வாயுவோடு வருகிற பிசுபிசுப்பான தார் கூடும். ஈரம், சாம்பல், வெப்பநிலை, காற்று விகிதம் எல்லாவற்றையும் பழைய அளவீடுகளிலிருந்து கற்றுக்கொண்டு, இந்தக் கலவைக்கு ஹைட்ரஜன் எவ்வளவு, தார் எவ்வளவு வரும் என்று நிரல் முன்கூட்டியே கணிக்கிறது, எந்த அளவுகள் வைத்தால் நல்ல பலன் என்று தேடுகிற உகப்பாக்கம் (optimization) அதற்குப் பிறகுதான். இதை எழுதும்போது ‘உள்ளீடு’ என்றால் கலனில் போடுகிற விறகா, நிரலுக்குக் கொடுக்கிற எண்ணா என்று எனக்கே தடுமாறியது. விறகுக்கு ‘இடுபொருள்’, எண்ணுக்கு ‘உள்ளீடு’ என்று பிரித்துவிடலாம்.

ஒரே ஒரு சந்தேகம். சூடான மணல் காற்றில் குமிழ்ந்து புரளுகிற கலன்களில் தணல் தனிப் படுகையாகக் கிடப்பதில்லை, மணலோடு கலந்தே சுற்றும். அதற்கும் இந்தப் பெயர் ஒட்டுமா, சொல்லுங்கள் அண்ணா.