பொருள்: ஆண்டு மலரில் ஸ்நூக்கர் சேம்பர்லின் பக்கம் பற்றி

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊட்டி உறவுகளின் ஆண்டு மலர் வரைவை ஹெட்மாஸ்டர் சார் குழுவில் போட்டதிலிருந்து ஆளாளுக்குப் பாராட்டித் தீர்த்துவிட்டீர்கள். எனக்கும் பிடித்திருக்கிறது. ஊட்டியை உருவாக்கிய சல்லிவன் பற்றிய பகுதி, மலை ரயில் பகுதி இரண்டிலும் கை வைக்க ஒன்றுமில்லை. ஆனால் ‘ஊட்டி உலகுக்குத் தந்த ஸ்நூக்கர்’ பக்கத்தை அப்படியே அச்சுக்கு அனுப்பினால் விஷயம் தெரிந்த எவராவது நம்மைப் பிடித்துக்கொள்வார்கள். சார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சின்ன திருத்தம் முதலில். பில்லியர்ட்ஸ் மேசையில் நிறப் பந்துகளைக் குச்சியால் குழியில் தள்ளும் ஸ்நூக்கர் ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ‘பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான நெவில் சேம்பர்லின்’ என்று இருக்கிறது. அவர் இல்லை. மியூனிக்கில் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட்டு வந்த அந்தப் பிரதமர் பிறந்தது 1869ல். இந்த விளையாட்டு பிறந்ததாகச் சொல்லும் 1875ல் அவர் ஆறு வயதுப் பையன். நமக்கு வேண்டியவர் நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரால்ட் சேம்பர்லின். 1856ல் பிறந்த ராணுவ அதிகாரி. பெயர் ஒற்றுமை, அவ்வளவுதான். ரியாத் அண்ணன் அனுப்பிய படத்திலும் பிரதமர்தான் குடையோடு நிற்கிறார். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது ‘நம் மண்ணின் மைந்தர்’ என்ற வரி. இதைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன்.

சேம்பர்லின் 1873ல் டெவன்ஷயர் ரெஜிமென்ட் என்ற படைப்பிரிவில் சேர்ந்து இந்தியா வந்தவர். 1875ல் அந்தப் படை ஜபல்பூரில் இருந்தது. மழைக்காலம், வெளியே போக முடியாது, அதிகாரிகளின் மெஸ்ஸில் பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றுதான் பொழுதுபோக்கு. அப்போது பழக்கத்தில் இருந்த ஆட்டங்களில் ஒன்று பிரமிட்ஸ்: முக்கோணமாக அடுக்கிய பதினைந்து சிவப்புப் பந்துகளைக் குழியில் தள்ள வேண்டும். இன்னொன்று பிளாக் பூல். அதில் ஒரு கறுப்புப் பந்து உண்டு, எல்லாமே பந்தயக் காசு வைத்து ஆடுவது. இரண்டையும் கலந்து, கூடவே வேறு நிறப் பந்துகளையும் போட்டால் என்ன என்று இருபது வயதுகூட ஆகாத இந்த இளைஞருக்குத் தோன்றியிருக்கிறது. நீலமும் பழுப்பும் பிறகு சேர்ந்தவை. இங்கிலாந்தின் உல்விச் ராணுவக் கல்லூரியில் முதல் வருடப் பையன்களைக் கேலியாக ‘ஸ்நூக்கர்’ என்பார்களாம். சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒருவரை இவர் அப்படிச் சீண்ட, அதுவே ஆட்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டது.

ஆக, பிறந்த இடம் ஜபல்பூர். அதை நாம் பறித்துக்கொள்ள முடியாது, மத்தியப் பிரதேசத்துக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

பிறகு சென்ட்ரல் இந்தியா ஹார்ஸ் என்ற குதிரைப்படைக்கு மாறினார். இரண்டாவது ஆப்கன் போரில் தளபதி பிரெடரிக் ராபர்ட்ஸின் கூடவே இருந்தார், காயமும் பட்டார். அந்த ராபர்ட்ஸ் 1881ல் சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக வந்தபோது, அவரோடு ஒட்டிக்கொண்டு நம் ஊருக்கு வந்து சேர்ந்ததுதான் சேம்பர்லினுக்கும் ஊட்டிக்கும் உள்ள உறவு. சில வருடம். 1885க்குப் பிறகு ராபர்ட்ஸ் வேறு பதவிக்குப் போனார், இவரும் போய்விட்டார்.

மைந்தர் என்று சொல்ல இது போதாது. ஆனால் ஊட்டிக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்தப் பங்கு என்ன என்பதை வரைவு சரியாகச் சொல்லவில்லை என்பதுதான் என் குறை.

1882ல் ஊட்டி கிளப்பில் ஆட்டத்தின் விதிகளை எழுத்தில் வரைந்து பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். யோசித்துப் பாருங்கள்: அதுவரை அது ஒரு ரெஜிமென்ட் மெஸ்ஸின் வீட்டு விளையாட்டு. அடுத்த மெஸ்ஸுக்குப் போனால் ‘எங்களிடம் வேறு மாதிரி’ என்பார்கள். வாய்மொழியாகவே இருந்திருந்தால் பத்து வருடத்தில் பத்து ரகமாகப் பிரிந்து காணாமல் போயிருக்கும். எழுதி மாட்டிய இடம் ஊட்டி என்பதால் தப்பித்தது. ஏனென்றால் சீசனில் சென்னை அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு வந்துவிடும். சென்னை, பெங்களூர், செகந்திராபாத் என்று நாலா பக்கமிருந்தும் அதிகாரிகள் லீவில் வருவார்கள். பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவக் குடியிருப்பு. தேயிலை, காப்பித் தோட்டத் துரைமார்கள் வேறு. சீசன் முடிந்து இறங்கும்போது ஒவ்வொருவரும் ஒரே மாதிரி ஆடத் தெரிந்தவராக இறங்கினார். விதிமுறை இங்கிருந்துதான் பரவியது. பிறகு 1885ல் கல்கத்தாவில் கூச் பிஹார் மகாராஜாவின் விருந்தில் இங்கிலாந்து பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் தன்னைத் தேடி வந்து விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டதாக சேம்பர்லினே எழுதியிருக்கிறார்.

மலரில் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். முழு அளவு மேசை 12 அடி நீளம். பச்சைத் துணிக்கு அடியில் இருப்பது மரம் இல்லை, ஐந்து துண்டாகப் பொருத்திய பலகைக் கல். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல் வரும். 1882ல் ரயில் மேட்டுப்பாளையத்தோடு நின்றது. குன்னூருக்கு 1899லும் ஊட்டிக்கு 1908லும்தான் வந்தது. அப்படியானால் அந்தக் கற்கள் எல்லாம் மாட்டு வண்டியில் பர்லியார் வழியாக மலைப்பாதை ஏறித்தான் வந்திருக்க வேண்டும். பந்துகள் யானைத் தந்தம். குளிரும் ஈரமும் மாறி மாறி வந்தால் தந்தம் சுருங்கும், உருண்டை கோணும். நம் ஊர் சீதோஷ்ணத்தில் அதை வைத்து ஆடியவர்களுக்கு எவ்வளவு பொறுமை வேண்டியிருந்திருக்கும்!

அந்த அறையை ஆடும் நிலையில் வைத்திருந்தவர்கள் யார்? இதைப் பற்றி வரைவில் ஒரு வார்த்தை இல்லை. ஊட்டி காந்தலில் எங்கள் தெருவில் ஒரு மாமா மார்க்கராக இருந்தார். எந்த கிளப் என்பது இங்கே வேண்டாம். வெளிநாட்டில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மார்க்கர் என்றால் பாயின்ட் எண்ணுபவர், விழுந்த பந்தை எடுத்து வைப்பவர், குச்சி நுனியில் தோல் ஒட்டுபவர், துணைக்கு ஆள் இல்லாத மெம்பரோடு நின்று ஆடுபவர். ஜூலை மழையில் மேசைத் துணி ஈரம் குடித்துவிடும்; பந்து பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் காலையில் அவருக்கு முதல் வேலை, ஆட்டம் தொடங்கும் ‘டி’ கோடு பக்கமிருந்து கறுப்புப் பந்து பக்கம் வரை ஒரே திசையில் பிரஷ் போட்டு இழுப்பது. எதிர்த் திசையில் போனால் துணியின் மயிர் எழுந்துவிடும் என்பார். அப்புறம் இஸ்திரி. அதற்கென்றே கனமான பட்டைப் பெட்டி உண்டு. முதலில் ஒரு காகிதத்தின் மேல் வைத்து எடுப்பார். காகிதம் பழுத்தால் இன்னும் கொஞ்சம் ஆற விடுவார், பிறகுதான் துணியைத் தொடுவார். சில மெம்பர்களிடம் தோற்பதும் சம்பளத்தில் சேர்ந்த வேலைதான் என்று சிரிப்பார். 1882லும் அந்த அறைக்குள் நம் ஊர்க்காரர்கள் போனது இப்படித்தான் இருந்திருக்கும். மைந்தர் என்ற பட்டத்தை யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இவர்களுக்குக் கொடுக்கலாம்.

இனி, நான் டப்ளினில் இருப்பதால் இந்தப் பக்கத்துக் கதை.

இங்கே ஸ்நூக்கர் தெரியாத ஆள் குறைவு. 1997ல் உலக சாம்பியனான கென் டோஹர்ட்டி இந்த ஊர்க்காரர். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம், விதிகள் எழுதப்பட்டது எங்கள் ஊரில்தான் என்று ஒருநாள் பெருமையாகச் சொன்னேன். எழுதியவர் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ‘அந்தப் போலீஸ்காரரா?’ என்றார்.

ஆமாம், அதே ஆள். ஊட்டிக்குப் பிறகு சேம்பர்லின் பர்மா போரில் இருந்தார், 1890களில் காஷ்மீர் அரசின் ராணுவச் செயலாளராக இருந்தார், தென்னாப்பிரிக்காவில் மறுபடி ராபர்ட்ஸின் அந்தரங்கச் செயலாளர். 1900ல், அயர்லாந்தை பிரிட்டன் ஆண்ட காலத்து போலீஸான ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியின் ஐ.ஜி. ஆனார். பதினாறு வருடம் அதே நாற்காலி. ‘சர்’ பட்டமும் அந்தக் காலத்தில்தான். அது சாதாரணப் போலீஸ் இல்லை. துப்பாக்கி ஏந்தி, பாரக்ஸில் தங்கி, நாட்டை அடக்கி வைத்த படை. நம் நாட்டுப் போலீஸுக்கே அது ஒரு முன்மாதிரி. குத்தகை கட்ட முடியாத குடியானவர்களை வீட்டை விட்டு இறக்கும்போது அந்தப் போலீஸ் காவல் நின்றதை இங்கே இன்னும் யாரும் மறக்கவில்லை. அதில் வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்துப் பிள்ளைகள்தான் என்பது இன்னும் கசப்பு. பீனிக்ஸ் பார்க்கில் அவர்களுடைய டிப்போ இருந்த இடத்தில் இன்று அயர்லாந்துப் போலீஸின் தலைமையகம் இருக்கிறது.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த புரட்சிக்காரர்கள் டப்ளின் தபால் தலைமையகத்தைப் பிடித்தார்கள். ஒரு வாரம் சண்டை, பிறகு அவர்களின் தலைவர்களை ஆங்கிலேயர் சுட்டுக் கொன்றார்கள். சேம்பர்லின் அந்த வருடமே பதவி விலகினார். விசாரணைக் கமிஷனுக்குத் தலைவர் யார் தெரியுமா? டில்லியில் யானை மேல் போகும்போது குண்டு வீசப்பட்டுத் தப்பிய நம் பழைய வைசிராய் ஹார்டிஞ்ச். ஐ.ஜி. முன்கூட்டியே எச்சரித்து எழுதினார், மேலிடம்தான் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் கமிஷனின் முடிவு. அயர்லாந்து நிர்வாகத்தின் தலைமைச் செயலர் பிரெலும் அவருக்கு அடுத்த நேதனும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். வேலையைப் பொறுத்தவரை மனிதர் சோம்பேறி இல்லை. ஆனால் யாருக்காக அந்த வேலை என்பதையும் பார்க்க வேண்டுமே. ஊட்டியில் உட்கார்ந்து ஆட்சி செய்தவர்களுக்கும் இங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் என்ன வித்தியாசம்? அதனால்தான் வரைவில் உள்ள ‘மாபெரும் பொதுச்சேவகர்’ என்ற சொல் எனக்கு இடிக்கிறது. ஐ.ஜி.யாக இருந்தார் என்று எழுதினால் போதும்.

அவர் மேல் எனக்கு ஒரு மரியாதையும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்நூக்கர் உலகமெங்கும் பரவி, 1927ல் உலகப் போட்டியும் தொடங்கிவிட்டது. அதுவரை இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஆட்டம் உல்விச்சில் பிறந்தது என்று பேச்சு கிளம்பிய பிறகுதான், 1938ல், எண்பது வயது தாண்டிய நிலையில், ‘தி ஃபீல்டு’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். கூடப் பணியாற்றிய பழைய அதிகாரிகளும் ஆமாம் என்று சாட்சி சொன்னார்கள். 1944ல் ஆஸ்காட்டில் காலமானார். காப்புரிமை, காசு எதுவும் கேட்டவர் இல்லை.

கண்டுபிடிப்பாளர் ஒருவர் மலரில் இருந்தே ஆக வேண்டும் என்று டொராண்டோ அக்கா விரும்பினால், மெக்ஐவரைச் சேர்க்கலாமே? 1848ல் வந்து நம் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய அதே மெக்ஐவர். சின்கோனா மரத்தின் பட்டையைக் கீற்றாக உரித்து, அந்த இடத்தைப் பாசியால் மூடினால் புதுப் பட்டை வளரும், அதில் மலேரியா மருந்தான கொய்னா சத்தும் கூடுதலாக இருக்கும் என்று கண்டுபிடித்தவர். மரத்தை வெட்டாமலே திரும்பத் திரும்ப அறுவடை. இது முழுக்க முழுக்க நம் மலையில் நடந்தது, யாரோடும் பங்கு போட வேண்டியதில்லை.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். தலைப்பை ‘ஜபல்பூரில் பிறந்து ஊட்டியில் விதி எழுதப்பட்ட ஆட்டம்’ என்று மாற்றலாம். மைந்தர், மாபெரும் இரண்டையும் எடுத்துவிடலாம். மிச்சமாகும் அரைப் பக்கத்தை மார்க்கர்களுக்கு ஒதுக்கலாம். உங்கள் வீட்டில் அப்பா, தாத்தா, பெரியப்பா யாராவது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, வெலிங்டன் பக்கம் கிளப்புகளிலோ மெஸ்ஸிலோ மார்க்கராக இருந்திருந்தால், பழைய படமோ சம்பளச் சீட்டோ கிடைத்தால் ஹெட்மாஸ்டர் சாருக்கு அனுப்புங்கள். செல்போனில் எடுத்தாலும் பரவாயில்லை; கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, பகல் வெளிச்சத்தில் வைத்து எடுங்கள்.

அன்புடன்,
காந்தல் தம்பி, டப்ளினிலிருந்து