45 நாள் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது?

திருப்பூர் நிட்டிங்: சிறு நிறுவனங்களிடம் வாங்கிய சரக்குக்குப் பணம் கொடுக்க வேண்டிய 45 நாள் கெடு, வாங்குபவர் தம் கணக்கில் பில்லைப் பதிந்த தேதியிலிருந்தே தொடங்கும் என்று ஏற்றுமதி நண்பர் எழுதியிருப்பது அப்பட்டமான தவறு. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், சரக்கு உண்மையில் ஒப்படைக்கப்பட்ட நாளையே ஏற்பு நாள் என்கிறது. துணி உங்கள் குடோனில் இறங்கிய அன்றே கணக்கு தொடங்கிவிட்டது.

ஏற்றுமதிக்காரன்: இறக்குவது வேறு, ஏற்பது வேறு. ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) குறைந்தும் ஓட்டை விழுந்தும் வரும் துணியைச் சோதிக்காமல் ஏற்க எங்களுக்கு என்ன தலையெழுத்து? சோதித்துப் பதிந்த நாள்தான் ஏற்பு நாள்.

திருப்பூர் நிட்டிங்: குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள், அது தீர்ந்த நாளிலிருந்து எண்ணிக்கொள்ள அதே சட்டம் வழிவிட்டிருக்கிறது. என்னிடம் சலானில் கையெழுத்திட்டுத் துணி வாங்கிய ஒரு கம்பெனி, அதை வெட்டித் தைத்துக் கப்பலேற்றிய பிறகு, 70ஆம் நாளில் ‘பில் இன்னும் பதியவில்லை’ என்றது. அந்த மாதம் என் ஆட்களுக்குக் கூலி கொடுக்க நகையை அடகு வைத்தேன்.

வரவுசெலவு: நீங்கள் ஒப்பந்தம் எழுதியிருக்கிறீர்களா? எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 45 அல்ல, 15 நாள்தான். வருமான வரிச் சட்டத்தில் 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த 43பி(எச்) பிரிவின்படி, கெடு தாண்டி மார்ச் 31இல் நிலுவையாக நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. ரிட்டர்ன் தாக்கலுக்குள் கட்டிவிடலாம் என்ற சலுகையும் இதற்கு இல்லை.

ஏற்றுமதிக்காரன்: வெளிநாட்டு பையர் எங்களுக்கு 90 நாள் கழித்துத்தான் தருகிறார், அவரை எந்தச் சட்டத்தில் பிடிப்பது? சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு எண்ணான உத்யம் எண்ணைப் பில்லில் அச்சிடாதவர்கள் எங்களுக்குச் சட்டம் சொல்லித்தர வேண்டாம். ஊசிக்கும் எண்ணெய்க்கும் நீங்கள் வைத்திருக்கும் பாக்கியையும் சொல்லுங்கள்.

திருப்பூர் நிட்டிங்: என் உத்யம் எண் ஒவ்வொரு பில்லிலும் இருக்கிறது, ஊசிக்கடைப் பாக்கியை வாராவாரம் தீர்க்கிறேன். பையர் தாமதித்தால் அது உங்கள் வியாபாரம். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு வட்டியை, மாதாமாதம் கூட்டு வட்டியாகத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளதுதான். இதுவரை ஒரு ரூபாய்கூட நான் கேட்டதில்லை, அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தால். ஒன்றே ஒன்று கேட்கிறேன்: சலானில் உங்கள் ஆள் போட்ட கையெழுத்தின் தேதி என்ன?

வரவுசெலவு: ஒப்பந்தம் எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டேன், இருவருமே பதில் சொல்லவில்லை.

ஏற்றுமதிக்காரன்: அந்தக் கையெழுத்து எடைக்குப் போட்டது, தரத்துக்கு அல்ல.

திருப்பூர் நிட்டிங்: எதற்குப் போட்டதாயினும், அதில் தேதி இருக்கிறது.