'பணமுதலை'யை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வெள்ளாற்றங்கரை:
என் சிறுகதை ஒன்றை நானே ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில் ஒருவர் காரிலிருந்து இறங்குகிறார், ஓரமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும் பெரியவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் "வர்றான் பாரு பணமுதலை" என்கிறார். இந்த ஒரு வரியில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முதலையை அப்படியே போட்டால் வெள்ளைக்காரருக்கு ஒன்றும் புரியாது. 'வெரி ரிச் மேன்' என்றால் வங்கி மேலாளர் பேசுவது போல இருக்கிறது. பேச்சுவழக்கில் என்னதான் சொல்வார்கள்?

ஈயம்பூசி:
மிருகம்தான் வேண்டுமென்றால் 'ஃபேட் கேட்' இருக்கிறது, கொழுத்த பூனை. 1920களில் அமெரிக்காவில் கட்சிகளுக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தவர்களைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். பிறகு பிரிட்டனில் அது கம்பெனி முதலாளிகள் மேல் தாவியது. 1990களின் நடுவில் பிரிட்டிஷ் கேஸ் என்ற எரிவாயு நிறுவனத்தின் தலைமை அதிகாரியின் சம்பளம் ஒரே தாவலில் 75 சதவீதம் ஏறி 4,75,000 பவுண்டானபோது பத்திரிகைகள் எல்லாம் ஃபேட் கேட் என்றே எழுதின. தொழிற்சங்கத்தார் ஒரு படி மேலே போய், 1995இல் பங்குதாரர் கூட்டம் நடந்த இடத்துக்கு ஒரு பன்றியைக் கூட்டி வந்து அந்த அதிகாரியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்! ஆனால் ஒன்று, இந்தச் சொல்லில் 'ஊரான் காசைத் தின்றவன்' என்ற குத்தல் உண்டு. உங்கள் ஆள் யார்? வட்டிக்கு விடுகிறவர் என்றால் ஆங்கிலத்தில் அவர் பூனை இல்லை, சுறா: 'லோன் ஷார்க்'.

மதியச்சோறு:
'லோடட்' போடுங்கள், முடிந்தது. 'ஹி இஸ் லோடட்.' லண்டன் பக்கம் என்றால் 'மின்டட்'. அமெரிக்காவில் லோடடுக்கு 'நல்ல போதையில் இருக்கிறான்' என்ற பொருளும் உண்டு, கல்யாண வீடு வேறு, பார்த்துப் போடவும் :)

அப்புறம் 'ஸ்டிங்க்கிங் ரிச்', 'ஃபில்தி ரிச்'. பணம் நாறுகிறது, அழுக்காக இருக்கிறது என்று திட்டுகிற மாதிரியே பொறாமைப்படுவது. நம் பழைய தமிழ் பைபிளில் 'இழிவான ஆதாயம்' என்று வருகிற இடத்தில் ஆங்கில பைபிளில் 'ஃபில்தி லூக்கர்' என்று இருக்கும், அந்த அழுக்கின் வாசனைதான் இதிலும்.

வெள்ளாற்றங்கரை:
வட்டிக்காரர் இல்லை. இருபது வருஷம் சிங்கப்பூரில் கிடந்து சம்பாதித்துத் திரும்பியவர். தேர்த் திருவிழாச் செலவு மொத்தத்தையும் இந்த வருஷம் அவரே ஏற்றுக்கொண்டார். பெரியவர் நொடித்துப்போன பழைய மிராசு, வயிற்றெரிச்சலில் பேசுகிறார்.

கோட்டைவாசல்:
அட, இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதே! 'நேபாப்'. நம் நவாப்தான், போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்துக்குப் போனது. கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு இங்கே வந்து கொள்ளை கொள்ளையாகச் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி, எஸ்டேட்டும் பார்லிமென்ட் சீட்டும் வாங்கியவர்களை 1760, 70களில் இங்கிலாந்தின் பழைய பணக்காரர்கள் இப்படித்தான் பழித்தார்கள். 1744இல் சென்னைக்குக் குமாஸ்தாவாக வந்து இறங்கிய ராபர்ட் கிளைவ் அதில் முதல் வரிசை. 1772இல் லண்டனில் இவர்களைக் கிண்டலடித்து நாடகமே போட்டார்கள்.

நேபாப் என்ற வசவு பரவுவதற்கு முன்பே நம் ஊரில் அதற்கு ஆள் இருந்தது. தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர். 48,000 வராகன் பொற்காசு கொடுத்து வாங்கிய ஒரு வைரத்தை 1717இல் பிரான்ஸ் அரசுக்கு 1,35,000 பவுண்டுக்குத் தள்ளிவிட்டார், 'டைமண்ட் பிட்' என்றே பெயர் நின்றுவிட்டது. கல் இன்றைக்குப் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவருடைய பேரன் இங்கிலாந்தின் பிரதமரே ஆனார். வராகனை ஆங்கிலேயர் பகோடா என்பார்கள். இந்தியாவுக்குப் போய்ச் சீக்கிரம் பணக்காரன் ஆவதற்கு 'பகோடா மரத்தை உலுக்குவது' என்றொரு சொலவடையே இருந்தது (தின்கிற பகோடா இல்லை). பெரும்புள்ளியை 'மோகல்' என்கிறார்களே, சினிமா மோகல், மீடியா மோகல், அதுவும் நம் முகலாயரிடமிருந்து போனதுதான்.

ஈயம்பூசி:
கோட்டைவாசல் அண்ணே, வரலாறு பிரமாதம். ஆனால் இன்றைக்கு நேபாப் என்றால் எவனுக்குப் புரியும்? விக் வைத்த ஆள்தான் கண் முன்னால் வருவான். அதோடு கிளைவ் கொள்ளையடித்தான், கதையில் வருகிறவர் வேர்வை சிந்திச் சம்பாதித்தவர். பெரியவர் சும்மா நக்கல் அடிக்கிறார், அவ்வளவுதானே? 'மணிபேக்ஸ்' போதும், பணமூட்டை. முன்னால் மிஸ்டர் சேர்த்தால் முகத்துக்கு நேராகவே சொல்லலாம், பாதி கேலி, பாதி மரியாதை. பெரிய தொழிலதிபரைச் சொல்லும் 'டைகூன்' எல்லாம் பத்திரிகைத் தலைப்புக்கு. ஜப்பானில் ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளரைக் குறித்த சொல் அது, நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுகிறவர் அப்படிப் பேச மாட்டார்.

வெள்ளாற்றங்கரை:
சரி, 'ஹியர் கம்ஸ் மிஸ்டர் மணிபேக்ஸ்' என்று எழுதிப் படித்துப் பார்த்தேன், பெரியவர் குரல் கேட்கிறது. நேபாபை விட மனசில்லை. பெரியவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் ரிட்டயர்டு வரலாற்று வாத்தியாருக்கு அதைக் கொடுத்துவிட்டேன், அவர் சொன்னால் பொருந்தும். இப்போது வெற்றிலை மடிப்பதை எப்படி ஆங்கிலத்தில் எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள்.