புதுப்பிப்பு: டிஸ்ட்ரிபியூட்டர் சிக்னல் கோளாறு தீர்ந்தது

வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் பழைய கொரொல்லா காரின் டிஸ்ட்ரிபியூட்டரை (தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கிடும் பாகம்), வெளியில் வாங்கிய பழைய என்ஜின் கணினியோடு இணைத்தபின் வேகம் ஏற ஏறத் தீப்பொறி நேரம் நழுவுகிறது என்று கேட்டிருந்தேன்.

பலித்தது பண்டாரவளை அண்ணன் சொன்ன யோசனைதான்: பிக்கப் சுருளின் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் பல் சக்கரத்தை உணர்ந்து கணினிக்குச் சிக்னல் அனுப்பும் சுருள்) இரண்டு வயர்களையும் இடம் மாற்றினேன். வயர் தலைகீழாக இருந்தால், பல் நேரே கடக்கும் கூர்மையான கணத்தை விட்டுவிட்டு, இரு பற்களுக்கு இடையிலான மந்தமான சரிவைக் கணினி பிடித்துக்கொள்ளும். 24 பல் சக்கரத்தில் ஒரு பல்லுக்குக் கிராங்க் 30 பாகை சுழல்கிறது. பிழை சிறிதாகவா இருக்கும்? கணினியில் நேரத்தை 10 பாகையில் பூட்டிவிட்டு டைமிங் லைட்டை (தீப்பொறி வரும் கணத்தில் மின்னும் விளக்கு) அடித்தேன். புல்லியின் வெள்ளைக் கோடு ஆணி அடித்தாற்போல் நின்றது.

நிமிடத்துக்கு 4000 சுற்றுக்கு மேல் திக்கல் மிஞ்சியது. சிக்னலைக் கொண்டுவரும் கவச வயரின் உலோக உறையை இரு முனைகளிலும் எர்த் செய்திருந்தேன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தை விடுவித்ததும் அதுவும் நின்றது.

எதிர்பாராதது ஒன்று: கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும்போது றம்பொடைக்கு மேல் என்ஜின் கனத்தது. இந்தக் கணினி சாவி போடும்போது மட்டுமே வெளிக் காற்றழுத்தத்தை அளக்கிறது; ஏற்றமோ ஆயிரம் மீற்றருக்கு மேல். மேலே காற்று மெலிந்தும், கீழே அளந்த அழுத்தத்துக்கேற்பவே எரிபொருள் விட்டது. தனி அழுத்த சென்சர் பொருத்தும்வரை, றம்பொடையில் தேநீருக்கு நிறுத்தி, என்ஜினை அணைத்து மீண்டும் கிளப்புகிறேன்.