மறு: செக் என்ஜின் விளக்கு – பழுது விளக்கா, அறிகுறி விளக்கா?

அனைவருக்கும் வணக்கம். கார் மீட்டரில் எரியும் மஞ்சள் செக் என்ஜின் விளக்குக்கும், அதோடு காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் கோளாறு எண்ணுக்கும் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> பழுது விளக்கு, பழுதுக் குறியீடு என்று வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும். ஆனால் தப்பாகப் புரியும் என்பதால் மறுக்கிறேன்.

என் கார் 2014 மாடல். போன வருடம் மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று புதிது மாற்றினார்கள். நாலே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது.

அடுத்துப் பார்த்த மெக்கானிக் ஃபியூயல் டிரிம் கணக்கை, அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதைப் பார்த்தார். ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும்போது, 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் பெட்ரோல் போய்க்கொண்டிருந்தது. என்ஜின் வேகத்தை 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் அந்தக் கணக்கு இறங்கிவிட்டது. அப்படியென்றால் என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சாரின் கணக்கில் வராத காற்று எங்கோ ஓட்டை வழியாக உள்ளே போகிறது என்றார். தேடினால், ஒரு வேக்குவம் ஹோஸ் (என்ஜினோடு இணைந்த ரப்பர் குழாய்) இத்தனை வருடச் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது. ஆக்சிஜன் சென்சார் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. அதைப் போய்க் கழற்றி எறிந்திருக்கிறோம்.

'பழுதுக் குறியீடு' என்ற சொல் இந்தத் தவற்றுக்குத்தான் வழிகாட்டும். அந்த எண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை, கம்ப்யூட்டர் எதைக் கவனித்தது என்று மட்டும் சொல்கிறது. சித்த மருத்துவத்தில் நோய் வேறு, குறிகுணம் வேறு. அந்தச் சொல்லையே எடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் பட்டறையில் புழங்காது. அதனால் என் முன்மொழிவு: அறிகுறி விளக்கு, அறிகுறி எண்.

'எண்' எப்படிச் சரி, முன்னால் 'பி' என்ற எழுத்து இருக்கிறதே என்று கேட்கலாம். வண்டி எண்ணிலும் எழுத்து இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை. பட்டறையில் சொல்லும் 'கோடு' நமக்கு வேறு பொருள் தருகிறது. 'அறிகுறிக் குறியீடு' என்றால் குறி இரண்டு முறை வந்து நாக்கில் இடறுகிறது.

'எச்சரிக்கை விளக்கு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை ஆயில் பிரஷர் போன்ற சிவப்பு விளக்குகளுக்கு விட்டுவைப்போம். சிவப்பு எரிந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டும். மஞ்சள் நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல ஓடினால் பட்டறை வரை ஓட்டிப் போகலாம். மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் கதை வேறு: மிஸ்ஃபயர் ஆகிறது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை; அந்த எரியாத பெட்ரோல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதற்கு 'அறிகுறி விளக்கு மின்னுகிறது' என்று சொன்னாலே போதும், தனிச்சொல் தேவையில்லை என்பது என் கருத்து.

அப்புறம் ஒன்று. கோளாறு ஒருமுறை மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் விளக்கு எரியாமல் எண் மட்டும் பதிவாகும். அடுத்த ஓட்டத்திலும் தெரிந்தால்தான் விளக்கு எரியும். அந்த முதல் நிலைக்கு 'நிலுவை எண்' என்று எழுதுகிறார்கள். கட்டாத பாக்கி மாதிரி இருக்கிறது. 'உறுதியாகாத அறிகுறி எண்' என்பது நீளம்தான், ஆனால் பொருள் சரியாக இருக்கிறது. இதைவிடச் சிறிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.