நான்காவது கிலோமீட்டரில் கால் கனத்துப்போகிறது, சாப்பாட்டில் என்ன மாற்றுவது?

மாலைநேர ஓட்டக்காரன்:
வயது 38, எடை 70 கிலோ. வாரத்தில் நான்கு நாள், வேலை முடிந்து ஆறரைக்கு ஓடப் போகிறேன். மூன்று கிலோமீட்டர் வரை பிரச்சினை இல்லை. நான்காவதில் இரண்டு காலும் நனைந்த சாக்கு மாதிரி கனக்கின்றன. காலையில் வெறும் காபி, மதியம் ஒரு மணிக்கு சாலட், இரண்டு முட்டை. எடை குறையட்டும் என்று மாவுச்சத்தை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. ஆனால் ராத்திரி பத்து மணிக்குக் கண்மண் தெரியாமல் சாப்பிடுகிறேன். புரோட்டீன் பவுடர் வாங்கலாமா?

பழைய ஷூ:
பவுடரை அப்புறம் பார்க்கலாம். இதே கூத்தை நானும் ஒரு வருடம் ஆடியவன். பத்து மணிக்குச் சாப்பிடுவதில் பாதியை மதியத்துக்குக் கொண்டுவாருங்கள், முக்கால்வாசி சரியாகிவிடும்.

உடம்பு மாவுச்சத்தை கிளைகோஜனாகச் சேர்த்துவைக்கிறது. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். வேகம் கூடக்கூட உடம்பு அதில்தான் அதிகம் கைவைக்கும். நீங்கள் அதை நிரப்புவதே இல்லை. மதியத் தட்டில் மூன்றில் ஒரு பங்காவது சோறோ உருளைக்கிழங்கோ இருக்கட்டும். ஐந்தரைக்கு இரண்டு வாழைப்பழம், கிட்டத்தட்ட 50 கிராம் மாவுச்சத்து. அந்த நேரத்தில் கொழுப்பு வேண்டாம், இரைப்பையை விட்டு இறங்கவே நேரம் எடுக்கும். ரொட்டியில் வேர்க்கடலை வெண்ணெயைத் தாராளமாகத் தடவிச் சாப்பிட்டு அரை மணியில் ஓடிய அனுபவம் எனக்கு உண்டு. அது தொண்டைவரை வந்து வந்து போனது, இன்றைக்கும் அந்த டப்பாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

புரதக் கணக்கும் உதைக்கிறது. பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.2 கிராமாவது என்றால், உங்களுக்கு ஒரு நாளைக்கு 84 கிராம். இரண்டு முட்டையில் 12தான். பால், பருப்பு, மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துவிடுங்கள்.

தூக்கம் வராதவள்:
இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுங்கள். நான் ஆறு மாதம் சாப்பாட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன், கடைசியில் இரும்புச்சத்துக் குறைவு. மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

மாலைநேர ஓட்டக்காரன்:
பத்து நாள் ஆகிறது. நேற்று ஆறாவது கிலோமீட்டரில்தான் கால் கனத்தது. ராத்திரி ப்ரிட்ஜைத் திறந்துவிட்டு, எதற்குத் திறந்தோம் என்று நின்றேன். ஆனால் எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது. கொழுப்பா?

பழைய ஷூ:
பெரும்பாலும் தண்ணீர். கிளைகோஜன் ஒரு கிராம் சேர்ந்தால் கூடவே சுமார் 3 கிராம் தண்ணீரும் வந்து உட்காரும். ஒரு மாதத்துக்கு அந்த எடை மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.