‘கேட்குதா?’ என்பதற்கு நான் சொன்ன ஆங்கிலம்

சேலத்துக்காரி:
போன வாரம் அமெரிக்க வாடிக்கையாளரோடு போனில் மீட்டிங், லைன் விட்டு விட்டு வந்தது. ‘நான் பேசுறது கேக்குதுங்களா?’ என்று மனசில் ஓடியதை அப்படியே ‘ஆர் யூ லிசனிங் டு மீ?’ என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் ‘யெஸ், ஐ ஆம்’ என்று அந்த அம்மா இறுகிய குரலில் சொன்னார். முடிந்ததும் டீம் லீட் அக்கா தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். சத்தம் தானாகக் காதில் விழுந்தால் ஹியர், நாமாகக் காது கொடுத்தால் லிசன். ‘கேன் யூ ஹியர் மீ?’ என்றுதான் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்டது ‘கவனிக்கிறியா இல்லையா’ என்று பிள்ளையை அதட்டுவது போல. நமக்கு இரண்டுக்கும், ஏன், கேள்வி கேட்பதற்கும்கூட ‘கேள்’ ஒன்றுதானே. உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

தேம்ஸ்கரை:
எனக்குக் ‘கால்’. அம்மா ஊரிலிருந்து லண்டன் வந்த மறுநாள் கால் வீங்கி வலிக்கிறது என்றார், இங்கே மருத்துவ ஆலோசனை சொல்லும் 111 என்ற எண்ணுக்குப் போன் செய்து ‘லெக் பெயின், ஸ்வெல்லிங்’ என்றேன். எத்தனை மணி நேரம் விமானத்தில் வந்தார், ஒரு காலா இரண்டு காலா, கெண்டைக்கால் தொட்டால் சுடுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று கேள்வி மேல் கேள்வி. நீண்ட பயணத்துக்குப் பிறகு கால் வீங்கினால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அதனால்தான் அவ்வளவு விசாரணை. அம்மாவுக்கோ புதுச் செருப்பு கடித்து, கட்டைவிரல் பக்கத்தில் வீக்கம்! கணுக்காலுக்குக் கீழே இருப்பது ஃபுட், மேலே போனால்தான் லெக். கையும் அப்படித்தான், மணிக்கட்டுக்கு அந்தப் பக்கம் ஹேண்ட், இந்தப் பக்கம் ஆர்ம். விரல்கூட காலில் இருந்தால் ஃபிங்கர் இல்லை, டோ. வெளிநாடு வரும் பெரியவர்களுக்கு வேறு எதைச் சொல்லித்தராவிட்டாலும் இதைச் சொல்லித்தாருங்கள், டாக்டர் முன்னால் உட்காரும்போது உதவும்.

கோடு எழுதுபவன்:
‘ப்ளீஸ் ரிவர்ட்’ என்று மெயில் போட்டேன், பதில் எழுதுங்கள் என்ற அர்த்தத்தில். நம் ஆபீஸ்களில் எல்லோரும் அப்படித்தானே எழுதுகிறோம். ஜெர்மனியில் இருந்த சக ஊழியர் நான் சேர்த்த புரோகிராம் கோடை (code) எடுத்துவிட்டுப் பழையபடி மாற்றிவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை, ரிவர்ட் என்றால் முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது, கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் (Git) மென்பொருளில் அந்தப் பெயரிலேயே கட்டளை இருக்கிறது. இப்போதெல்லாம் ‘ரிப்ளை’ மட்டும்தான்.

தமிழாசிரியை:
எதிர்த்திசையிலும் இது நடக்கும். என்னிடம் தமிழ் படிக்கும் இங்கிலாந்துக்காரர் ஒருவர், ‘தா’வும் ‘கொடு’வும் எங்களுக்கு ‘கிவ்’ ஒன்றுதான், உங்களுக்கு ஏன் இரண்டு என்றார். இரண்டில்லை, மூன்று என்று தொல்காப்பியத்தைக் காட்டினேன். தன்னைவிட உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’, சமமானவரிடம் ‘தா’, தாழ்ந்தவரிடம் ‘கொடு’. இன்று அந்த வரிசை வழக்கில் இல்லை, ‘ஈ’ பேச்சிலிருந்தே போய்விட்டது என்றும் சொன்னேன். ஆனாலும் அவர் விடவில்லை, வகுப்பு முடிந்து தெருமுனைக் கடையில் ‘அண்ணா, ஒரு டீ தாங்க’ என்று ‘தா’வை அழுத்தித்தான் கேட்கிறார்.